பட்டறை டைனோவில் ஷாஃப்ட் வேகம் அளப்பது எப்படி

எஞ்சினின் பவரை அளக்கும் டைனமோமீட்டரை (சுருக்கமாக டைனோ) சொந்தமாகக் கட்டுபவர்களின் கவலை பெரும்பாலும் டார்க், அதாவது முறுக்கு விசை, பக்கமே இருக்கும். விசையை அளக்கும் லோடு செல் எத்தனை கிலோ தாங்கும், ஆர்ம் நீளம் சரியா என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். வேகம் என்று வந்தால் ஒரு காந்தம், அதை உணரும் ஒரு ஹால் சென்சார், வேலை முடிந்தது. பிரேக் போட்டு அளக்கும் டைனோவில் இது ஓரளவு ஓடிவிடும். பவர் என்பது டார்க்கும் வேகமும் பெருக்கிய தொகை. வேகத்தில் 1 சதவீதம் தவறினால் பவரும் 1 சதவீதம் தவறும், அவ்வளவுதான்.

கனமான ஃபிளைவீலை எஞ்சின் எவ்வளவு வேகமாக முடுக்குகிறது என்று பார்த்துப் பவர் சொல்லும் இனர்ஷியா டைனோவில் அப்படி விட முடியாது. அங்கே லோடு செல்லே கிடையாது, கணக்கு முழுக்க வேக அளவின் தலையில்தான். ஷாஃப்ட்டில் மாட்டிய டிஸ்க்கின் எத்தனை பல் சென்சாரைக் கடந்தது என்பது கோணத்தைத் தருகிறது, கடிகாரம் நேரத்தைத் தருகிறது. வேகத்துக்கு நேரத்தால் ஒருமுறை வகுக்கிறோம், முடுக்கத்துக்கு இருமுறை. இரண்டையும் பெருக்கினால்தான் பவர். ஆக, கடிகாரம் அரை சதவீதம் பிசகினால் பவர் ஒன்றரை சதவீதம் பிசகும். மலிவான மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளில் அரை சதவீதப் பிசகு சாதாரணம். அதைத் திருத்தும் வழி கீழே வருகிறது.

எந்த ஷாஃப்ட்டில் அளப்பது

டார்க்கை எந்த ஷாஃப்ட்டில் எடுக்கிறீர்களோ, வேகத்தையும் அதே ஷாஃப்ட்டில் எடுங்கள். நடுவில் செயின், பெல்ட், கியர் என்று எது இருந்தாலும் பிரேக் ஷாஃப்ட்டின் டார்க்கையும் பிரேக் ஷாஃப்ட்டின் வேகத்தையும் பெருக்கினால் அந்த ஷாஃப்ட்டுக்கு வந்து சேர்ந்த பவர் சரியாகக் கிடைக்கும். கியர் விகிதம் தெரியவே வேண்டாம். பிரேக்கில் டார்க்கை எடுத்து, எஞ்சினின் டேக்கோமீட்டரில் வேகத்தைப் படித்து இரண்டையும் பெருக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. 2.5-க்கு 1 விகிதத்தில் செயின் இருந்தால் பவர் இரண்டரை மடங்கு காட்டும். இவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் பட்டுவிடும். 1.08 விகிதத்தில் பெல்ட் போட்டிருந்தால் 8 சதவீதம் கூடுதலாகக் காட்டும், யாருக்கும் சந்தேகமே வராது.

எஞ்சின் வேகம் கிராஃபின் கீழ் அச்சுக்குத் தேவை. அதற்கு இரண்டாவது சென்சார் வையுங்கள். இரண்டு வேகத்தையும் சேர்த்துப் பதிந்தால் இன்னொரு லாபம் உண்டு. எஞ்சின் வேகத்தை டிரம் (டைனோவின் சுழலும் உருளை) வேகத்தால் வகுத்த எண் ஒரே கியரில் மாறக்கூடாது. லோடு ஏற ஏற அது கூடினால் கிளட்ச் வழுக்குகிறது, அல்லது ரோலரில் டயர் வழுக்குகிறது. கிராஃபில் பவர் படுத்துவிட்டது என்று கார்ப்யூரேட்டரைப் பிரிப்பதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

எஞ்சின் வேகத்தை இக்னிஷனிலிருந்தும் எடுக்கலாம். ஹை டென்ஷன் வயர் மேல் இன்சுலேஷன் உள்ள மெல்லிய வயரை நாலைந்து சுற்று சுற்றினாலே சிக்னல் வரும். சுற்றுக்கு எத்தனை ஸ்பார்க் என்பதை மட்டும் ஊகிக்காதீர்கள். சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் பைக் எஞ்சின்கள் பலவற்றில் மேக்னெட்டோவில் உள்ள பல்சர் காயில் சுற்றுக்கு ஒருமுறை தூண்டும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவிலும் ஒரு வீண் ஸ்பார்க் விழும். ஒவ்வொரு பிளக்குக்கும் தனி காயில் வைத்த கார் எஞ்சின்களில் பெரும்பாலும் இரண்டு சுற்றுக்கு ஒரு ஸ்பார்க். மேலே சொன்ன வேக விகிதம் கியர்களின் பல் எண்ணிக்கையில் கணக்கிட்டதைப் போல இரு மடங்கோ பாதியோ வந்தால் இந்த இடத்தில்தான் தவறு.

பல் எத்தனை வேண்டும்

நிறையப் பல் வைத்தால் துல்லியம் கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஒரு விநாடிக்குச் சென்சார் எத்தனை பல்ஸ் (மின்துடிப்பு) தருகிறது என்று எண்ணுகிற முறைக்கு அது சரி. சுற்றுக்கு ஒரு பல்ஸ் வைத்து ஒரு விநாடி எண்ணினால் 60 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 60 சுற்று) படிப்படியாகத்தான் காட்டும். 60 பல் வைத்தால் ஒரு விநாடியில் எண்ணிய எண்ணே ஆர்பிஎம். 60 பல் டிஸ்க் இவ்வளவு பிரபலமானதற்கு இந்தச் சௌகரியமும் ஒரு காரணம்.

எண்ணாமல் ஒரு பல்ஸுக்கும் அடுத்ததுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தால் நிலைமை தலைகீழ். ஆர்டுயினோ யூனோ என்ற போர்டின் மைக்ரோ விநாடிக் கடிகாரம் 4 மைக்ரோ விநாடிப் படிகளில்தான் நகரும். 6000 ஆர்பிஎம்-இல் சுற்றுக்கு ஒரு பல்ஸ் என்றால் இடைவெளி 10,000 மைக்ரோ விநாடி. 4 தவறினால் 2.4 ஆர்பிஎம் பிழை. அதே வேகத்தில் 60 பல் வைத்து ஒவ்வொரு பல்லாக அளந்தால் இடைவெளி 167 மைக்ரோ விநாடி. அதே 4 தவறினால் 144 ஆர்பிஎம் எகிறும்.

பல்லின் இடைவெளியும் ஒரே சீராக இருக்காது. 120 மிமீ விட்டத்தில் 30 பல் வெட்டினால் பல்லுக்குப் பல் 12.6 மிமீ. ஒரு பல் 0.1 மிமீ தள்ளி விழுந்தால் அந்த இடத்தில் வேகம் 0.8 சதவீதம் ஏறி இறங்கியதுபோலத் தெரியும். டிஸ்க்கின் மையம் 0.2 மிமீ தள்ளியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் 0.3 சதவீதம் மேலும் கீழுமாக அலையும். இந்த இரண்டுக்கும் ஒரே மருந்து: ஒரு பல்லிலிருந்து அதே பல் திரும்ப வரும்வரை, அதாவது முழுச் சுற்றுக்கு நேரம் எடுப்பது. பல் எங்கே தள்ளியிருந்தாலும் முழுச் சுற்று 360 டிகிரிதான்.

அதனால் கனமான டிரம் உள்ள இனர்ஷியா டைனோவுக்குச் சுற்றுக்கு ஒரு பல்ஸே போதும். 1500 ஆர்பிஎம்-இல் சுழலும் டிரம் விநாடிக்கு 25 அளவு தருகிறது. அவ்வளவு கனமான இரும்பு அதற்கிடையில் பெரிதாக எதுவும் செய்துவிடாது. வேகத்தை ஒரே நிலையில் பிடித்து வைக்கக் கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கும் எடி கரண்ட் பிரேக் (மின்காந்தத்தால் பிடிக்கும் பிரேக்) இருந்தால்தான் 30, 60 பல் தேவைப்படும். கன்ட்ரோலருக்குத் தகவல் தாமதமில்லாமல் போக வேண்டும், அதற்காக.

ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க்கிலேயே அளந்தால் முழுச் சுற்றும் போதாது. பவர் ஸ்ட்ரோக் உள்ள சுற்றில் கிராங்க் வேகமாகவும் அடுத்ததில் மெதுவாகவும் போகும். அளவு இரண்டு எண்களுக்கு இடையே மாறி மாறிக் குதிக்கும். சென்சார் கெட்டுவிட்டது என்று இதைப் பார்த்துப் பலர் மாற்றியிருக்கிறார்கள். இரண்டு சுற்றுக்குச் சராசரி எடுங்கள், குதிப்பு நின்றுவிடும். மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் எடுத்தால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

எந்தச் சென்சார்

கடையில் முதலில் கையில் கொடுப்பது எம்12 இண்டக்டிவ் பிராக்சிமிட்டி சென்சார் (தொடாமலே பக்கத்தில் உள்ள இரும்பை உணர்வது). எண்ணெய், தூசு எதற்கும் அசராது, காந்தம் வேண்டாம், போல்ட் தலையையே பார்த்துக்கொள்ளும். ஆனால் 4 மிமீ தூரம் பார்க்கும் மலிவான வகைகளின் வேகம் விநாடிக்கு 500 பல்ஸ் அளவில் நின்றுவிடும். அதுவும் சென்சார் முகத்தளவு அகலமான இரும்பும், அதைப்போல் இரு மடங்கு இடைவெளியும் இருந்தால். 60 பல் டிஸ்க்கை 3000 ஆர்பிஎம்-இல் காட்டினால் 3000 பல்ஸ், எண்ணவே எண்ணாது. சில சமயம் ஒன்று விட்டு ஒன்று எண்ணி, நம்பும்படியான ஒரு தவறான எண்ணைக் காட்டும். சுற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பல்ஸுக்கு மட்டும் இதை வையுங்கள். இடைவெளி 1.5 முதல் 2 மிமீ.

பல் அதிகம் என்றால் ஹால் சென்சார்தான். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் மூன்று வயர் கிராங்க் சென்சாரில் பல ஹால் வகை. பின்காந்தம் உள்ளேயே இருக்கும், எண்ணெய் புகாதபடி வார்த்திருக்கும், இரும்புப் பல் போதும். மூன்று வயர் என்பதால் மட்டும் ஹால் என்று நம்பிவிடாதீர்கள். காயில் வகையிலும் ஷீல்டு சேர்த்து மூன்று வயர் வரும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டிரண்டு வயராகத் தொட்டுப் பாருங்கள். எந்த இரண்டு வயருக்கு இடையிலாவது சில நூறு ஓம் முதல் ஓரிரு ஆயிரம் ஓம் நிலையாகக் காட்டினால் அது காயில். காயிலின் வோல்ட் வேகத்தோடு ஏறும். மெதுவாகச் சுற்றும்போது சிக்னல் கிடைக்காது, வேகத்தில் பத்து வோல்ட்டைத் தாண்டி போர்டின் இன்புட் பின்னைப் பொசுக்கும். அதற்கென்று உள்ள ஐசி இல்லாமல் தொடாதீர்கள்.

ஒளியால் அளக்கும் ஸ்லாட் சென்சார் மேசை மேல் வைத்து விளையாட அருமையானது. எஞ்சின் பக்கத்தில் எண்ணெய்ப் படலம் படியும், ஜன்னல் வெயில் விழும். வேண்டாம்.

காந்தமும் டிஸ்க்கும்

ஏ3144 போன்ற சின்ன ஹால் ஐசி வைத்தால் காந்தம் வேண்டும். காந்தத்தின் ஒரு முகத்துக்கு மட்டும்தான் அது வேலை செய்யும். ஒட்டும் முன் எந்த முகம் என்று பார்த்து மார்க்கரால் புள்ளி வையுங்கள். எடை சமனுக்காக எதிரெதிரே இரண்டு காந்தம் வைத்தால், இரண்டாவதன் முகத்தைத் திருப்பி வையுங்கள். பல்ஸ் சுற்றுக்கு ஒன்றாகவே இருக்கும்.

6 மிமீ விட்டம், 3 மிமீ தடிமனுள்ள நியோடிமியம் காந்தத்தின் எடை ஒரு கிராம்கூட இல்லை, 0.64 கிராம்தான். மையத்திலிருந்து 60 மிமீ தள்ளி வைத்து 8000 ஆர்பிஎம்-இல் சுற்றினால் சுமார் 2.7 கிலோ எடையின் இழுப்போடு வெளியே பாயப் பார்க்கும். சூப்பர் க்ளூ சூட்டில் விட்டுவிடும், காந்தம் தோட்டாதான். டிஸ்க்கின் வெளிவிளிம்பில் ஒட்டாதீர்கள். அலுமினிய டிஸ்க்கின் பக்க முகத்தில் 3.2 மிமீ ஆழத்துக்குக் குழி எடுத்து, எபாக்சி வைத்து உள்ளே இறக்குங்கள். வெளிப்பக்கம் குறைந்தது 4 மிமீ அலுமினியச் சுவர் இருக்கட்டும். பசை விட்டாலும் சுவர் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரகக் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலு இழக்கும். எடி கரண்ட் பிரேக்கின் ரோட்டரில் நேரடியாகப் பதிக்க வேண்டாம்.

டிஸ்க்கை லேத்தில் கடையும்போது நடுத்துளையையும் வெளிவிட்டத்தையும் சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடியில் முடியுங்கள். ஷாஃப்ட்டில் மாட்டிய பிறகு டயல் கேஜ் வைத்து 0.1 மிமீக்குள் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒற்றை கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத ஸ்க்ரூ) உருளை ஷாஃப்ட்டில் இறுக்கினால் அது நிற்காது. ஷாஃப்ட்டில் ஒரு தட்டை முகம் தேய்த்து அதில் ஸ்க்ரூவை உட்கார வையுங்கள். சுற்றிலும் 3 மிமீ தகட்டில் பாதுகாப்பு மூடி கட்டாயம்.

பிராக்கெட்டை எஞ்சினில் மாட்டாமல் ஃபிரேமில், பேரிங் ஹவுசிங் பக்கத்திலேயே மாட்டுங்கள். 6 மிமீ பிளேட், முடிந்தவரை குட்டையாக. 2 மிமீ ஆங்கிளில் நீட்டி வைத்த சென்சார் ஏதோ ஒரு வேகத்தில் தானும் சேர்ந்து ஆடும். கிராஃபில் எப்போதும் அதே ஆர்பிஎம்-இல் ஒரு திமில் வந்தால் கேம்ஷாஃப்ட்டைச் சந்தேகிக்கும் முன் பிராக்கெட்டைக் கையால் அழுத்தி ஆட்டிப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு.

வயரிங்

டைனோவில் வேகச் சிக்னலைக் கெடுக்கும் முதல் எதிரி ஸ்பார்க். ரெசிஸ்டர் பிளக்கும் 5 கிலோஓம் ரெசிஸ்டர் கேப்பும் போடுங்கள், பாதித் தொல்லை அதிலேயே போய்விடும். சென்சார் வயர் ஷீல்டு வகையாக இருக்கட்டும். ஷீல்டை போர்டு பக்கம் மட்டும் எர்த்தில் சேருங்கள், இரு முனையிலும் சேர்த்தால் எஞ்சினின் எர்த் கரண்ட் அதன் வழியே ஓடும். ஹை டென்ஷன் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

12 வோல்ட் என்பிஎன் பிராக்சிமிட்டி சென்சாரை நேராக 5 வோல்ட் போர்டில் சொருகிப் பின்னைச் சுட்டவர்கள் ஏராளம். என்பிஎன் தரைக்கு மட்டும்தானே இழுக்கும் என்பது அவர்கள் கணக்கு. பல சென்சார்களின் உள்ளே அவுட்புட்டை 12 வோல்ட்டுக்கு மேலே இழுக்கும் ஒரு புல்-அப் ரெசிஸ்டர் இருக்கிறது. இணைக்கும் முன் அவுட்புட் வயரில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பாதுகாப்பான வழி, சிக்னலை ஒளி வழியே கடத்தும் ஆப்டோகப்ளர் (ஆப்டோ): 12 வோல்ட்டிலிருந்து 1 கிலோஓம், அதன்பின் ஆப்டோவின் எல்இடி, அதன் மறுமுனை சென்சாரின் அவுட்புட். 10 மில்லிஆம்பியர் அளவு ஓடும். சுற்றுக்கு ஒரு பல்ஸுக்கு பிசி817 போதும். 60 பல்லுக்கு 6என்137 போடுங்கள், அதன் சப்ளை கால்களை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைக்க மறக்காதீர்கள்.

ஆப்டோ சில மைக்ரோ விநாடி தாமதிக்கிறதே என்று பயப்பட வேண்டாம். எல்லாப் பல்ஸும் ஒரே அளவு தாமதித்தால் இடைவெளி மாறாது. தாமதம் மாறிக்கொண்டே இருந்தால்தான் சிக்கல். அதனால் சிக்னல் ஏறும் முனையை விட்டு இறங்கும் முனையில் நேரம் எடுங்கள். டிரான்சிஸ்டர் அதைச் சடாரென்று கீழே இழுக்கும். மேலே போவது ரெசிஸ்டரின் தயவில் சோம்பலாக நடக்கும்.

நேரம் எடுப்பது

யூனோவில் சாதாரண இன்டரப்ட்டில் (பல்ஸ் வந்ததும் புரோக்ராம் ஓடும் வேலையை நிறுத்திவிட்டுக் கவனிக்கும் முறை) மைக்ரோ விநாடியைப் படிப்பதைவிட, டைமர் 1-இன் இன்புட் கேப்ச்சர் வசதியைப் பயன்படுத்துங்கள். அது 8-ஆம் பின். பல்ஸ் வந்த கணமே ஹார்டுவேர் நேரத்தைக் குறித்துவிடும். புரோக்ராம் வேறு வேலையில் இருந்தாலும் குறித்த நேரம் மாறாது. 16 மெகாஹெர்ட்ஸை 8-ஆல் வகுத்தால் ஒரு படி அரை மைக்ரோ விநாடி. போலித் துடிப்பை வடிக்கும் நாய்ஸ் கேன்சலர் பிட்டையும் போட்டுவிடுங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. 16 பிட் டைமர் 32.768 மில்லி விநாடிக்கு ஒருமுறை நிரம்பிப் பூஜ்யத்துக்கு வரும். நிரம்பிய தடவைகளைத் தனியாக எண்ணிக் கூட்ட வேண்டும். டைமர் நிரம்புவதும் பல்ஸ் வருவதும் ஒரே நேரத்தில் நடந்தால், கேப்ச்சர் இன்டரப்ட் முந்திக்கொண்டு அந்த ஒரு தடவையைக் கணக்கில் விட்டுவிடும். 1500 ஆர்பிஎம்-இல் இடைவெளி 40 மில்லி விநாடி. அதில் 32.768 காணாமல் போனால் திரையில் 8296 ஆர்பிஎம் பளிச்சிடும். அடுத்த இடைவெளியில் அது கூடுதலாகச் சேர்ந்து 824 காட்டும். இந்த ஜோடியைப் பார்த்தால் இக்னிஷன் நாய்ஸ் என்று கேபிளை மாற்ற ஓடாதீர்கள். கேப்ச்சர் இன்டரப்ட்டுக்குள் டைமர் நிரம்பியதைக் காட்டும் கொடி (ஃபிளாக்) நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கிறது, குறித்த எண்ணும் சிறியது என்றால் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்டரப்ட்டுக்குள் வகுத்தல், திரையில் எழுதுதல் எதுவும் வேண்டாம். வந்த எண்ணைச் சேமித்துவிட்டு வெளியேறுங்கள். ஆர்பிஎம்-ஐ வெளியே கணக்கிடலாம்: 60 பெருக்கல் 20,00,000, வகுத்தல் ஒரு சுற்றுக்கான படிகள்.

நடக்க முடியாத பல்ஸை ஒதுக்க ஒரு குறைந்தபட்ச இடைவெளி வையுங்கள். 30 பல், அதிகபட்சம் 8000 ஆர்பிஎம் என்றால் உண்மையான இடைவெளி 250 மைக்ரோ விநாடிக்குக் கீழே போகாது. 150-க்குக் கீழே வந்ததைத் தள்ளிவிடலாம். தள்ளியவற்றை எண்ணித் திரையில் ஒரு மூலையில் காட்டுங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் வயரிங்கைத்தான் சரிசெய்ய வேண்டும்.

முடுக்கம் கணக்கிடும்போது

300 மிமீ விட்டம், 90 மிமீ தடிமனுள்ள இரும்பு உருளை சுமார் 50 கிலோ. எடையில் பாதியை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இனர்ஷியா 0.56 கிலோகிராம் சதுர மீட்டர். அது 3000 ஆர்பிஎம்-ஐக் கடக்கும்போது விநாடிக்கு 500 ஆர்பிஎம் ஏறினால் டார்க் 29.5 நியூட்டன் மீட்டர், பவர் 9.2 கிலோவாட், குதிரைத்திறனில் 12.4.

அந்த வேகத்தில் ஒரு சுற்று 20 மில்லி விநாடி. அதற்குள் வேகம் 10 ஆர்பிஎம்தான் கூடும். ஒவ்வொரு அளவிலும் 2 ஆர்பிஎம் முன்னே பின்னே இருந்தால், அடுத்தடுத்த இரண்டைக் கழித்துக் கிடைக்கும் முடுக்கம் 40 சதவீதம் வரை தவறலாம். கிராஃப் ரம்பப் பல்லாக வருவது இதனால்தான். பத்துச் சுற்று, அதாவது 200 மில்லி விநாடி அளவுகளுக்கு ஒரு நேர்கோடு பொருத்தி அதன் சரிவை எடுத்தால் பிழை பெரும்பாலும் 4 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஒரு விநாடிக்கு நீட்டினால் கிராஃப் வழவழப்பாக வரும், ஆனால் கார்ப்யூரேட்டரின் உண்மையான தடுமாற்றமும் சேர்ந்து அழிந்துபோகும். 0.2 முதல் 0.3 விநாடிக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

கடிகாரத்தைத் திருத்துவது

யூனோவின் முதன்மை சிப்புக்குத் துடிப்பு தருவது குவார்ட்ஸ் இல்லை, செராமிக் ரெசனேட்டர். அரை சதவீதம் வரை பிசகலாம், சூட்டிலும் நகரும். விநாடிக்கு ஒரு பல்ஸ் தரும் பின் உள்ள ஜிபிஎஸ் மாட்யூலை அதே 8-ஆம் பின்னில் கொடுங்கள். வானம் தெரியும் இடத்தில் வைத்து, சாட்டிலைட் பிடித்த பிறகு ஒரு நிமிடச் சராசரி எடுங்கள். ஒரு விநாடிக்கு 20,00,000 படிக்குப் பதில் 19,94,000 வந்தால் சூத்திரத்திலும் அந்த எண்ணையே போடுங்கள். போர்டு அரை மணி நேரமாவது ஓடிச் சூடான பிறகு செய்யுங்கள்.

வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அளவுகோலாக வைக்க ஆசை வரும். இந்திய கிரிட்டில் 49.90 முதல் 50.05 வரை அலைய அனுமதியே இருக்கிறது. பெரிய தவறு இருக்கிறதா என்று பார்க்கலாம், திருத்தப் பயன்படாது.

கையில் பிடிக்கும் லேசர் டேக்கோமீட்டரால் ஒத்துப்பார்க்கும்போது டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். பழைய சோக் வைத்த டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மினுக்கும், மீட்டர் அதைப் படித்து எஞ்சின் ஓடாமலே 6000 காட்டும். ஷாஃப்ட்டில் கோடு போட்டு ஸ்ட்ரோப் (சீராக மினுக்கும் விளக்கு) வைத்துப் பார்த்தால், பாதி வேகத்திலும் கோடு அசையாமல் நிற்கும். ஒரே கோடு ஒற்றையாகத் தெரியும் வேகங்களில் உச்சமானதுதான் சரி.

வேகத்தை வைத்து எஞ்சினை நிறுத்துவது

கப்ளிங் உடைந்தால் லோடு போய்விடும், திறந்த திராட்டிலில் எஞ்சின் எகிறும். எஞ்சின் சென்சார் உச்ச வேகத்தைத் தாண்டினாலோ, எஞ்சின் ஓடும்போது பிரேக் பக்கப் பல்ஸ் அரை விநாடி காணாமல் போனாலோ, இக்னிஷனை வெட்ட ஒரு ரிலே வையுங்கள். கரண்ட் இருந்தால் எஞ்சின் ஓடும், போனால் நிற்கும் என்ற பக்கமாக ரிலேயை இணையுங்கள். அப்போது போர்டு ஹேங் ஆகும் ஆபத்துக்கு மட்டும் வாட்ச்டாக் டைமர் (புரோக்ராம் நின்றுபோனால் போர்டைத் தானே ரீசெட் செய்வது) போட்டால் போதும். டீசலுக்கு இக்னிஷன் கிடையாது. ஸ்டாப் லிவரை ஸ்ப்ரிங் இழுத்து மூடும்படியும், சோலினாய்டு அதைத் திறந்து பிடித்திருக்கும்படியும் அமையுங்கள்.